சிவப்பு மூடி, ஆரஞ்சு மூடி

கத்தரிக்காய் கிலோ 60 ரூபாய். கையில் 45 ரூபாய்தான் இருக்கிறது. எவ்வளவு வாங்கலாம்?

நர்சிங் கல்லூரியில் இரண்டாம் வருடப் பிள்ளைகளுக்கு மருந்துக் கணக்கு எடுக்கும் முதல் நாள் நான் கேட்பது இதைத்தான். "முக்கால் கிலோ மேடம்" என்று கடைசி பெஞ்சிலிருந்து பதில் வந்துவிடும். பேனாவைத் திறக்கக்கூட மாட்டார்கள். அடுத்து போர்டில் எழுதுவேன்: அமிக்காசின் என்ற ஊசி மருந்துக் குப்பியில் 2 எம்.எல்.லுக்கு 500 மில்லிகிராம் இருக்கிறது. டாக்டர் எழுதியிருப்பது 375 மில்லிகிராம். எத்தனை எம்.எல். இழுப்பீர்கள்? வகுப்பில் ஃபேன் சத்தம் மட்டும் கேட்கும். கத்தரிக்காய்க்கு வாய் திறந்த அதே பெண் நோட்டைப் புரட்டி ஃபார்முலா தேடுவாள்.

இரண்டும் ஒரே கணக்கு. 60இல் 45 முக்கால் பங்கு, 500இல் 375ம் முக்கால் பங்கு. 2 எம்.எல்.லில் முக்கால் பங்கு ஒன்றரை எம்.எல். அவ்வளவுதான். ஃபார்முலாவை மனப்பாடம் செய்த பிள்ளைகளில் சிலர் மேலே போட வேண்டியதைக் கீழே போட்டு 2.67 என்று விடை எழுதிவிடுவார்கள். எழுதிவிட்டு அடிக்கோடும் போடுவார்கள். "ஏம்மா, குப்பியில இருக்கிறதே 2 எம்.எல். அதுலேருந்து 2.67 எப்படி இழுப்ப?" என்று கேட்டால்தான் முகம் மாறும். காய்கறிக் கடையில் இந்தத் தவறு நடக்காது. அங்கே விடை வந்ததும் பையைப் பார்க்கிறோம், சரியாக இருக்கிறதா என்று. மருந்துக் கணக்கில் விடை வந்ததும் பேப்பரை மடித்துவிடுகிறோம்.

எங்கள் பிள்ளைகளில் பெரும்பாலோர் தமிழ்வழியில் படித்து வந்தவர்கள். கால், அரை, முக்கால் என்பவை அவர்கள் ரத்தத்தில் இருக்கின்றன. தசமப் புள்ளிதான் பகை. புள்ளி கண்ணுக்கு நழுவும். பூஜ்யம் இல்லாமல் ".5" என்று எழுதினால் 5 ஆகிவிடும். "1.0" என்று எழுதினால் 10 ஆகிவிடும். "4 யூனிட்" என்பதில் யூனிட்டுக்கு ஆங்கில 'யூ' எழுத்தை மட்டும் கிறுக்கி வைத்தால், அவசரத்தில் அது பூஜ்யமாகத் தெரிந்து 40 ஆகும். அதனால் எழுதும்போது புள்ளிக்கு முன்னால் பூஜ்யம் கட்டாயம், பின்னால் வெறும் பூஜ்யம் கூடாது, யூனிட்டை முழுசாக எழுது. கணக்குப் போடும்போது மட்டும் மனதுக்குள் கால், அரை என்றே போட்டுப் பார். விடை நம்பும்படி இருக்கிறதா என்று அது சொல்லிவிடும்.

இந்திய நர்சிங் கவுன்சில் 2021இல் மாற்றிய பி.எஸ்சி. பாடத்திட்டத்தில் மருந்தியல் இரண்டாகப் பிரிந்திருக்கிறது. மூன்றாம் செமஸ்டரில் 20 மணி நேரம், நான்காவதில் 60 மணி நேரம். அந்த 80 மணி நேரத்துக்குள் எத்தனை மருந்துப் பெயர்கள் என்று எண்ணத் தொடங்கினால் எனக்கே மலைப்பாக இருக்கும். "வாய்லயே நுழையல மேடம்" என்பார்கள். பெயருக்கு ஒரு வழி வைத்திருக்கிறேன். நமக்கு இனிஷியல் முன்னால் வரும், மருந்துக்குப் பெரும்பாலும் இனிஷியல் பின்னால் வரும். அட்டெனலால், மெட்டோப்ரோலால், ப்ரொப்ரனலால் எல்லாம் 'லால்' வீட்டுப் பிள்ளைகள், கொடுக்கும் முன் நாடியைப் பார். எனலாப்ரில், ராமிப்ரில் இன்னொரு வீடு, நோயாளிக்கு வறட்டு இருமல் வந்தால் அந்த வீட்டு மருந்துதான் காரணமா என்று பார். வீடு தெரிந்துவிட்டதால் ஆளும் தெரிந்துவிட்டது என்று நினைத்துவிடக் கூடாது. செஃபோடாக்சிம், செஃப்ட்ரியாக்சோன், செஃப்டாசிடிம் என்ற ஆன்டிபயாடிக்குகள் மூன்றும் ஒன்றாக ஒரே தட்டில் நிற்கும்போது அண்ணன் தம்பிகளைப் போலத்தான் இருக்கும். லேபிளை மூன்று தடவை படி: அலமாரியிலிருந்து எடுக்கும்போது, மருந்தை இழுக்கும்போது, குப்பியைத் திரும்ப வைக்கும்போது.

மருந்து கொடுப்பதில் ஐந்து "சரி"கள் உண்டு. சரியான நோயாளி, சரியான மருந்து, சரியான அளவு, சரியான வழி, சரியான நேரம். இப்போது அதைப் பத்தாக நீட்டியிருக்கிறார்கள். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் பிள்ளைகள் வாய்ப்பாடு மாதிரி ஒப்பிப்பார்கள். வார்டுக்குப் போனதும் முதல் "சரி"யிலேயே இடறுவார்கள்.

காரணம் ஃபேன். சிரிக்காதீர்கள். 12ஆம் கட்டில் ஃபேனுக்கு நேர் கீழே இருக்கும். அந்தக் கட்டில்காரர் டிஸ்சார்ஜ் ஆன அரை மணி நேரத்தில் 14ஆம் கட்டில் பாட்டி பாய், ஃபிளாஸ்க், பை எல்லாவற்றோடும் அங்கே குடிபெயர்ந்திருப்பார். சார்ட்டில் 14 என்றே இருக்கும். "பன்னெண்டுக்கு மாத்திரை குடுத்தாச்சு மேடம்" என்று சொல்லிக்கொண்டு வருபவளிடம் நான் கேட்கும் ஒரே கேள்வி, "பன்னெண்டுக்குப் பேர் என்ன?"

பெயர் கேட்பதிலும் ஒரு விஷயம் இருக்கிறது. "நீங்க லட்சுமியம்மாதானே?" என்று கேட்டால் லட்சுமியம்மா அல்லாதவரும் தலையாட்டுவார். யூனிஃபார்ம் போட்டு வந்து நிற்கும் பெண்ணிடம் "இல்ல பாப்பா" என்று சொல்ல நம் ஊர்ப் பெரியவர்களுக்கு மனசு வராது. காது மந்தம் என்றால் கேட்கவே வேண்டாம், சிரித்துக்கொண்டே கையை நீட்டிவிடுவார். அதனால் "உங்க பேர் சொல்லுங்கம்மா" என்றுதான் கேட்க வேண்டும். அதோடும் முடியாது. ஒரு மகளிர் வார்டில் மூன்று லட்சுமி இருப்பது சாதாரணம். இனிஷியலை வைத்துப் பிரிக்கலாம் என்றால், ஆதார் கார்டில் அப்பா இனிஷியல், ரேஷன் கார்டில் வீட்டுக்காரர் இனிஷியல், கேஸ் ஷீட்டில் எது என்பது அட்மிஷன் அன்று யார் எந்தக் கார்டை நீட்டினார்கள் என்பதைப் பொறுத்தது. பெயர், ஐ.பி. நம்பர் (உள்நோயாளி எண்) இரண்டையும் பார், ஊரையும் கேள் என்பேன். ஊரைக் கேட்டால் பாட்டிகள் சந்தோஷமாகப் பேசுவார்கள், மாத்திரையும் ஒழுங்காக உள்ளே போகும். விழுங்கும்வரை பக்கத்திலேயே நிற்க வேண்டும். இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதைக் காலையில் படுக்கை விரிக்கும்போது தலையணை அடியில் பார்க்கலாம்.

மருந்து விஷயத்தில் ஒரு ஆம்பூலுக்கு மட்டும் தனியாக ஒரு மணி நேரம் ஒதுக்குவேன். பொட்டாசியம் குளோரைடு. 10 எம்.எல்., பார்ப்பதற்குத் தண்ணீர். பக்கத்தில் டிஸ்டில்டு வாட்டர் ஆம்பூலை வைத்து, இரண்டின் லேபிளையும் பிளாஸ்திரி ஒட்டி மறைத்து, "எது எது?" என்பேன். யாராலும் சொல்ல முடியாது. என்னாலும் முடியாது. பவுடர் மருந்தைக் கரைக்கத் தண்ணீர் எடுப்பதாக நினைத்து இதை எடுத்து நேரடியாக நரம்பில் ஏற்றினால் இதயம் நின்றுவிடும். டிரிப்ஸ் பாட்டிலில் கலந்துதான் ஏற்ற வேண்டும், மெதுவாக. தொங்கிக்கொண்டிருக்கும் பாட்டிலில் ஊசியால் குத்திச் செலுத்திவிட்டுப் போய்விடவும் கூடாது. கனமான அந்தத் திரவம் கீழே தங்கி, முதலில் அதுவே அடர்த்தியாக இறங்கும். இறக்கி, நன்றாகக் கவிழ்த்துக் கலக்கி, மறுபடி மாட்ட வேண்டும். அமெரிக்காவில் மருத்துவமனைகளுக்கு அங்கீகாரம் தரும் ஜாயிண்ட் கமிஷன், 1998இல் தன் எச்சரிக்கை அறிக்கை வரிசையைத் தொடங்கியபோது முதல் அறிக்கையையே இந்த மருந்துக்காகத்தான் வெளியிட்டது. அடர் பொட்டாசியத்தை வார்டு அலமாரியிலேயே வைக்காதீர்கள் என்றது. எனக்கு இந்த யோசனை பிடிக்கும். "கவனமா இரு" என்று இருபது வயதுப் பெண்ணிடம் ஆயிரம் தடவை சொல்வதைவிட, ராத்திரி மூன்று மணிக்கு அவள் கைக்கு எட்டாத இடத்தில் அதை வைப்பது மேல்.

ஃபோனில் வரும் ஆர்டர் அடுத்த சிக்கல். எழுதி வாங்குவதுதான் முறை. ஆனால் நடுராத்திரி அவசரத்தில் ஃபோனில்தான் வரும், கூடவே பின்னணியில் ஆயிரம் சத்தம். "ஃபிஃப்டீன்" என்பதும் "ஃபிஃப்டி" என்பதும் ஃபோனில் ஒரே மாதிரிதான் விழும். இங்கே தமிழ் நமக்குச் செய்யும் உபகாரம் பெரிது. "சார், பதினஞ்சா, அம்பதா?" என்று திருப்பிக் கேட்டால் குழப்பத்துக்கு இடமே இல்லை. ஆங்கிலத்தில் வந்த ஆர்டரை எழுதி, தமிழில் வாசித்துக் காட்டு என்று சொல்லிக் கொடுக்கிறேன். எந்தப் பாடப்புத்தகத்திலும் இது இல்லை. சிக்கல் என்னவென்றால், திருப்பிக் கேட்பதே பிள்ளைகளுக்குப் பெரிய காரியம். டாக்டர் கோபிப்பார், சீனியர் சிஸ்டர் "இதுகூடத் தெரியாதா?" என்பார். கேட்காமல் விட்டுவிடுவது சுலபம். எனக்கு அந்தச் சுலபம் நன்றாகத் தெரியும்.

இருபது வருடங்களுக்கு முன்பு நான் ஒரு சின்ன தனியார் மருத்துவமனையில் ஸ்டாஃப் நர்ஸாக இருந்தேன். படிப்பு முடித்துச் சேர்ந்து எட்டு மாதம். காலில் ஆறாத புண்ணோடு ஒரு அம்மா வந்து சேர்ந்திருந்தார், அறுபதை ஒட்டிய வயது. கூட மகள். சுகர் 350க்குக் கீழே இறங்கவில்லை. சாப்பாட்டுக்கு முன் இன்சுலின் 20 யூனிட் என்று டாக்டர் எழுதியிருந்தார்.

கதைக்கு முன்னால் சிரிஞ்சைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நம் நாட்டில் இன்சுலின் பெரும்பாலும் இரண்டு அடர்த்தியில் புழங்குகிறது. குப்பியில் வரும் வழக்கமான இன்சுலின் ஒரு எம்.எல்.லுக்கு 40 யூனிட். பேனாவுக்கான கார்ட்ரிட்ஜில் வருவது ஒரு எம்.எல்.லுக்கு 100 யூனிட். சிரிஞ்சும் அதற்கேற்ப இரண்டு. 40க்கான சிரிஞ்சுக்குச் சிவப்பு மூடி, ஒரு எம்.எல்.லில் 40 யூனிட் வரை கோடுகள். 100க்கான சிரிஞ்சுக்கு ஆரஞ்சு மூடி, அதே ஒரு எம்.எல்.லில் 100 யூனிட் வரை கோடுகள். 40 குப்பிக்குச் சிவப்பு மூடிதான் போட வேண்டும். மாற்றிப் போட்டால் சிரிஞ்சில் எழுதியிருக்கும் எண் பொய் சொல்லும்.

மகள் வெளிக்கடையில் ஒரு பாக்கெட் சிரிஞ்சு வாங்கி வந்தாள். ஆரஞ்சு மூடி. முதலில் பிரித்தவள் நான். மூடியின் நிறம் கண்ணில் பட்டது, மண்டையில் ஏறவில்லை. 20 என்ற கோடுவரை இழுத்துப் போட்டேன். அப்படி நான் போட்டது 0.2 எம்.எல்., அதாவது 8 யூனிட். நான் பிரித்து வைத்த பாக்கெட்டிலிருந்துதான் அடுத்த ட்யூட்டி சிஸ்டரும் எடுத்தார், அதற்கடுத்தவரும் எடுத்தார். சுகர் இறங்கவில்லை. டாக்டர் 24 ஆக்கினார். அப்புறம் 28. அந்த 28இலும் உள்ளே போனது 11 யூனிட் சொச்சம்தான்.

நாலாம் நாள் பாக்கெட் தீர்ந்தது. மகள் வேறு கடையில் வாங்கி வந்தாள், இந்தத் தடவை சிவப்பு மூடி. நைட் ட்யூட்டியில் நான். இரவு எட்டு மணிக்கு 28 யூனிட் போட்டேன். இது நிஜமான 28. முந்தின வேளையைவிட இரண்டரை மடங்கு.

பதினொரு மணிக்கு மகள் ஓடி வந்தாள். "சிஸ்டர், அம்மா என்னமோ உளறுறாங்க, சேலையெல்லாம் நனைஞ்சு போச்சு." கை ஜில்லென்று இருந்தது. சுகர் 38தான். இப்படி அளவுக்கு மீறி இறங்குவதைத்தான் ஹைப்போ என்போம். 25 சதவீத டெக்ஸ்ட்ரோஸ், அதாவது குளுக்கோஸ், 100 எம்.எல். ஏற்றினோம். கொஞ்ச நேரத்தில் கண்ணைத் திறந்து, "ஏம்மா எல்லாரும் நிக்கிறீங்க?" என்று கேட்டார். நான் பாத்ரூமுக்குப் போய் அழுதுவிட்டு வந்தேன்.

இரண்டு மணி வாக்கில் டிரேயை ஒழுங்கு பண்ணும்போதுதான் பார்த்தேன். குப்பைத் தொட்டியில் ஒரு ஆரஞ்சு மூடி, அதன்மேல் ஒரு சிவப்பு மூடி. ஒரு பழைய ரிப்போர்ட்டின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். எல்லாம் புரிந்துவிட்டது. அந்தத் தாளைக் கிழித்துப் பையில் போட்டுக்கொண்டேன்.

காலையில் அடுத்த ட்யூட்டிக்கு ஓவர் கொடுக்கும்போது, "ராத்திரி ஹைப்போ ஆச்சு, டெக்ஸ்ட்ரோஸ் போட்டோம்" என்று மட்டும் சொன்னேன். ரவுண்ட்ஸ் வந்த டாக்டர் மகளிடம், "ராத்திரி சரியா சாப்பிட வெச்சீங்களா?" என்று கேட்டார். அவள் கொஞ்சம் யோசித்து, "ரெண்டு இட்லிதான் சாப்பிட்டாங்க சார். நான் இன்னொண்ணு குடுத்திருக்கணும்" என்றாள். நான் கேஸ் ஷீட்டைக் கையில் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றிருந்தேன். வாய் திறக்கவில்லை. டாக்டர் அளவை 20ஆகக் குறைத்தார். சிவப்பு மூடி சிரிஞ்சில் அந்த இருபதிலேயே சுகர் ஒழுங்காக இறங்கியது. புண் ஆறி, அந்த அம்மா நடந்தே வீட்டுக்குப் போனார். மகள் போகும்போது எனக்கு ஒரு சீப்பு வாழைப்பழம் கொடுத்துவிட்டுப் போனாள்.

ஏன் சொல்லவில்லை என்று இன்றைக்கும் பிள்ளைகள் கேட்பார்கள். மெமோ. அந்த ஒரு சொல் போதும், நர்ஸாக இருப்பவர்களுக்குப் புரியும். பிழையைச் சொன்னால் விளக்கக் கடிதம், சம்பளப் பிடித்தம், "அந்தப் பொண்ணா?" என்ற பேச்சு. சொல்லாவிட்டால் ஒன்றுமில்லை. உலக சுகாதார நிறுவனம் 2017இல் மருந்தால் வரும் தீங்கைக் குறைக்க ஒரு இயக்கமே தொடங்கியது. செப்டம்பர் 17 உலக நோயாளி பாதுகாப்பு நாள். 2022இல் அதன் கருப்பொருளே மருந்துப் பாதுகாப்புதான். நாங்களும் போஸ்டர் போட்டி வைத்தோம், ரங்கோலியில் மாத்திரை, சிரிஞ்சு எல்லாம் வரைந்தோம், அழகாகத்தான் இருந்தது. ஆனால் நான் வாயை மூடிக்கொண்டதால் அந்த மருத்துவமனையில் அதற்குப் பிறகு எத்தனை பேருக்கு ஆரஞ்சு மூடி சிரிஞ்சில் 40 குப்பி மருந்து போயிருக்கும் என்ற கேள்விக்கு எந்த ரங்கோலியிலும் பதில் இல்லை. அன்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், "சிரிஞ்சு வாங்கும்போது சிவப்பு மூடின்னு சீட்டுல எழுதிக் குடுங்க" என்ற ஒரு வரி மாற்றத்தோடு அது முடிந்திருக்கும்.

ஆசிரியையாகி மூன்றாம் வருடம் ஒரு நோட்டு போட்டேன். நாற்பது பக்கக் கோடு போட்ட நோட்டு, மேலே பெயர் எதுவும் இல்லை. வார்டு போஸ்டிங்கில் செய்த பிழை, செய்யப் போய் நிறுத்திய பிழை, எதுவானாலும் எழுதலாம். பெயர் வேண்டாம், மார்க் குறையாது, ஹாஸ்டல் வார்டனுக்கும் போகாது. ஆனால் நோயாளிக்கு மருந்து மாறிப் போயிருந்தால் அந்த நிமிஷமே வார்டு சிஸ்டரிடம் வாயால் சொல்லியாக வேண்டும், நோட்டு அதற்கு மாற்று இல்லை. முதல் ஆறு மாதம் நோட்டு காலியாகவே இருந்தது. யார் நம்புவார்கள்? கடைசியில் முதல் பக்கத்தில் நானே எழுதினேன், என் பெயரைப் போட்டு, இரண்டு மூடியின் படத்தையும் கலர் பென்சிலில் வரைந்து, மகள் சொன்ன இட்லிக் கணக்கு உட்பட. அடுத்த வாரம் இரண்டாவது பக்கம் நிரம்பியது.

இந்த வருடம் வந்ததில் ஒன்று. எழுத்து யாருடையது என்று எனக்குத் தெரியும், தெரியாத மாதிரி இருக்கிறேன்.

"டிஸ்சார்ஜ் ஆகும் பாட்டிக்கு பேன்டோப்ரசோல் மாத்திரை. காலையில் ஒன்று, சாப்பாட்டுக்கு முன்னாடி என்று சொல்லி அனுப்பினேன். ஒரு வாரம் கழித்து ஓ.பி.யில் பார்த்தேன். நெஞ்செரிச்சல் குறையவில்லை என்றார். எப்ப மாத்திரை போடுறீங்க பாட்டி என்று கேட்டேன். மத்தியானம் என்றார். காலையில் இட்லி, தோசை டிபனாம், சாப்பாடு என்றால் சோறாம். நான் சொன்ன காலையை விட்டுவிட்டு, நான் சொன்ன சாப்பாட்டைப் பிடித்துக்கொண்டார். இது பாட்டியின் பிழை இல்லை, நான் சொன்ன விதம் பிழை."

அதற்குக் கீழே வேறு மையில் இரண்டு வரி இருந்தது.

"எழுந்ததும் பல் விளக்கிட்டு, காப்பிக்கும் முன்னாடி என்று சொல்லி, திருப்பிச் சொல்ல வைத்தேன். பாட்டி சிரித்தார். இதை அன்னைக்கே சொல்லித் தொலையறதுக்கென்னடி என்றார்."